முகாம்காரருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் காப்பீடு உண்டா?

பீங்கான் பொம்மைக்கும் பியூஸ் கேரியருக்கும் பேர்போன விருத்தாசலத்தில் அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் இந்த ஊர் ரேஷன் கார்டு வச்சிருக்கிறவங்களுக்குத்தான்" என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். அது தவறான எண்ணம்.

குடியுரிமை இல்லாத இலங்கைத் தமிழருக்கு முதலமைச்சர் காப்பீடு கிடைக்குமா?

அகதி முகாமில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். மற்றத் தமிழகக் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; முகாம் குடும்பங்களுக்கு அந்த வரம்பே கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்பாட்டில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. அதனால் இது மாநில அரசு முன்வந்து தருவது. முகாம் குடும்பங்களுக்காக அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் கட்டுவதும் இருந்தது. காற்றே நுழையாத நெருக்கமான அறைகளில் காசநோய் எளிதில் பரவும் என்பதால் அந்த வீடுகளையும் மருத்துவச் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

ஒடிசா, பிகார் தொழிலாளிக்கு?

ஆறு மாதத்துக்கு மேல் தமிழகத்தில் இருப்பதற்கு உரிய அதிகாரியின் சான்று இருந்தால் சேரலாம். பதிவு மையம் இருப்பது கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில். போய்வர ஒருநாள் கூலி போய்விடும். விருத்தாசலத்திலேயே அவ்வப்போது பதிவு முகாம் போட்டால் என்ன? விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு. சாலை விபத்து என்றால் காப்பீட்டு அட்டையே வேண்டாம்: 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

பீங்கான் பட்டறைத் தூசுக்கு மூக்கில் துண்டு கட்டினால் போதாதா?

போதாது. களிமண்ணிலும் குவார்ட்ஸ் பொடியிலும் உள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. துணியைத் தாண்டி நுரையீரலில் போய்த் தங்கி, சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. பெயிண்டிங் வேலைக்குப் போகும் முகாம் ஆண்கள் சிமென்ட் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் இதே தூசுதான். தரையைக் காய்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, பொடியை நனைத்து வேலை செய்வது, தூசு உறிஞ்சும் விசிறி வைப்பது ஆகியவை முதலாளியின் பொறுப்பு.

இந்த நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பார். அங்குள்ள மருத்துவர் இருமலைக் கேட்டுக் காசநோய் என்று மாத்திரை எழுதிக்கொடுத்துவிடக்கூடும். சிலிக்கா தூசு படிந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் குழப்பம் கூடுகிறது. எனவே எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தப் பட்டறையில் எத்தனை வருடம் என்ன வேலை செய்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கு இழப்பீடு உண்டா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பொருந்தும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் அப்படியே. தொழில்சார் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. பட்டறையில் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.