எண்பத்தேழில் ஒரு பங்கு

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருக்கிறார். மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி என்ஜினில் வேலை பார்த்தவர். அந்த என்ஜின்கள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, தம் எழுபதாவது வயதில், அதே என்ஜினைப் பித்தளைத் தகட்டிலும் அட்டையிலும் சிறிதாகச் செய்யத் தொடங்கினார். பாதி வேலையில் ஒரு நாள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். "கண் ஒத்துழைக்கவில்லை" என்றார்.

அந்தப் பெட்டி மீண்டும் எப்படித் திறந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அவர் செய்த கணக்கைப் பார்ப்போம்.

தேசப்படத்தின் மூலையில் அளவுத் திட்டம் குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாதிரி உருவுக்கும் அப்படி ஒன்று உண்டு. மாதிரி ரயில் செய்வோர் பலர் 1:87 என்ற அளவைக் கையாளுகின்றனர். ஏன் 87? ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டதால் வந்த எண் அது. ஓர் அடி 304.8 மி.மீ.; அதை 3.5 ஆல் வகுத்துப் பாருங்கள். இந்த அளவில் 174 செ.மீ. உயரமுள்ள மனிதர் 2 செ.மீ. பொம்மையாகிவிடுவார். ஒய்.பி. என்ஜினின் இயக்கு சக்கரம் 1372 மி.மீ. விட்டமுள்ளது, மாதிரியில் அது சுமார் 15.8 மி.மீ. தண்டவாளங்களின் இடைவெளி 1000 மி.மீ.; மாதிரியில் 11.5 மி.மீ.

ஆனால், எல்லாமே 87 மடங்குதான் குறையுமா? இல்லை. நீளம் 87 மடங்கு குறைந்தால், பரப்பு 87 × 87, அதாவது 7,569 மடங்கு குறையும். கன அளவோ 6,58,503 மடங்கு குறைந்துவிடும்! 100 டன் என்ஜினை அதே உலோகங்களால் அணு அணுவாக அப்படியே செய்தாலும், மாதிரியின் எடை ஏறத்தாழ 150 கிராம்தான். எடை குறைந்தால் சக்கரத்துக்குத் தண்டவாளத்தில் பிடிப்பும் குறையும். அதனால்தான் மாதிரி என்ஜின்களின் வயிற்றுக்குள் ஈயத்துண்டுகளை வைக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ஒரு பாலத்தை எல்லா வகையிலும் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை ஆயிரம் மடங்காகும். எடையைத் தாங்கும் தூண்களின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். ஆகவே, மேசை மேல் உறுதியாக நிற்கும் மாதிரிப் பாலத்தைக் கண்டு, பெரிய பாலமும் அப்படியே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. இந்த உண்மையைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 74. இரு கண்களிலும் பார்வை போய்விட்டிருந்தது.

இனி, நம் பெரியவரின் கண்ணுக்கு வருவோம். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது நம் விழிலென்ஸ் சற்றுத் தடித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற லென்ஸ் விறைத்து, இந்த வளையும் தன்மையை இழக்கிறது. பத்து செ.மீ. தொலைவில் உள்ள எழுத்தை நீங்கள் தெளிவாகப் படித்துவிடலாம். அறுபது வயதில் புத்தகத்தைக் கைநீளத்துக்கு அப்பால் கொண்டு போனாலும் எழுத்து மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். போதாததற்கு, முதுமையில் கண்மணி சுருங்குவதால் உள்ளே செல்லும் ஒளியும் குறைகிறது. என்ஜினின் 26 மி.மீ. கைப்பிடிக் கம்பி மாதிரியில் 0.3 மி.மீ. தான். அதைத் துளைக்குள் நுழைக்க முடியாமல்தான் அவர் பெட்டியை மூடினார்.

குறை கையில் இல்லை, கண்ணில்தான் என்று தெரிந்ததும் வழி பிறந்தது. 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதை ஒரு தாங்கியில் பொருத்தினால் இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். அருகில் நல்ல விளக்கு ஒன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி இவற்றை அமைத்துக் கொடுத்தாள். மறுநாள் மாலையே கம்பி துளைக்குள் ஏறிவிட்டது! இப்போது அளவெடுத்து 87 ஆல் வகுப்பது பேத்தியின் வேலை. அறுத்துப் பற்றவைப்பது தாத்தாவின் வேலை.

உங்கள் வீட்டிலும் பாதியில் மூடிய பெட்டி ஏதேனும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அதற்குள் ஒரு கணக்கு: 1000 லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டிக்கு 1:87 அளவில் மாதிரி செய்தால், அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஏன் என்று தாத்தாவுக்கு விளக்குங்கள்!