பொன்னிறம் என்றால் எந்த நிறம்?

"வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்." இத்தொடர் இடம்பெறாத சமையற் குறிப்பைக் காண்பது அரிது. ஆனால் பொன்னிறம் என்பது எந்த நிறம்? புதிதாக வாங்கிய சங்கிலியின் நிறமா, பெட்டியில் கிடக்கும் பழங்காசின் நிறமா? நம் இல்லத்து மூத்த பெண்மணிகளுக்கு இந்த ஐயம் எழுவதே இல்லை. அவர்களுடைய கண்ணும் மூக்கும் அதனை அறியும். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டு போய், துபாயிலோ சிங்கப்பூரிலோ தனியே அடுப்பின் முன் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. "உம்மா, நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன், ருசி வரவில்லை" என்னும் தொலைபேசிப் பேச்சைக் கேளாத வீடு உண்டா?

இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் ஒளிப்படக் கருவியுடன் கூடிய கைப்பேசி இருக்கிறது. பெருநாளன்று பிரியாணியைத் தட்டில் குவித்துப் படமெடுத்து உறவினர்க்கு அனுப்பி மகிழ்கிறோம். மகிழ்ச்சிதான், ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து எவரும் பிரியாணி சமைத்துவிட முடியாது. படமெடுக்க வேண்டியது அடுப்பின் மேல் இருக்கும்போதுதான் என்பது என் கருத்து.

சீரகச் சம்பா பிரியாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுவை மூன்று இடங்களில் தீர்மானமாகிறது. முதலாவது அந்த வெங்காயம். அதில் நீர் உள்ளவரை சட்டியின் சூடு 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். வெங்காயம் வேகுமேயன்றிச் சிவக்காது. நீர் வற்றிய பின்னரே சூடு ஏறி, அதிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் கலந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு அறிவியலறிஞர் 1912ஆம் ஆண்டு விளக்கிய வினை இது. சிறிய சட்டியில் ஒரு கிலோ வெங்காயத்தை அள்ளிப் போட்டால் நீர் வற்ற வழியின்றி அது குழைந்துபோவது இதனாலேதான். மேலும், எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த பிறகும் வெங்காயம் சற்று நேரம் சிவந்துகொண்டே இருக்கும். எனவே விரும்பும் நிறத்திற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். அந்த நொடியையே படமெடுங்கள்.

இரண்டாவது, "எண்ணெய் பிரியும் வரை" என்று சொல்கிறார்களே, அந்த நிலை. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய், தக்காளி எல்லாம் சேர்ந்து வதங்கி, நீர் நீங்கி, ஓரங்களில் எண்ணெய் தனியே மினுங்கும். இதற்கு முன் இறைச்சியைச் சேர்த்தால் பூண்டின் பச்சை வாடை கடைசிவரை போகாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார்கள். ஆகவே அங்கு மசாலையின் நிறமே வேறு. ஓர் ஊரின் படம் மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டுச் சட்டியை நீங்களே எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, சோற்றின் முக்கால் வேக்காடு. நாலைந்து பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கிக் கருநிறத் தட்டில் வையுங்கள். ஓரம் மசிந்து, நடுவில் மட்டும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வடித்துத் தம்மில் இடும் பதம். சீரகச் சம்பா சிறிய அரிசியாதலால் இந்தப் பதம் விரைவில் கடந்துபோகும். பத்து வரியில் எழுதினாலும் விளங்காததை இந்த ஒரு படம் விளக்கிவிடும்.

இனி, நிறத்தைக் காட்ட எடுக்கும் படத்தில் நிறமே பிழைத்தால் என்ன பயன்? மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளை வெங்காயமும் பொன்னிறமாகத் தெரியும். சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தாலோ ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகும். பகலில், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி வெங்காயத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் எடுத்து, சன்னலோரம் வைத்துப் படமெடுங்கள். நேர் வெயில் வேண்டாம். அருகில் வெள்ளைத் தட்டு இருப்பதால் பார்ப்பவர் கண் நிறத்தைச் சரியாக மதிப்பிடும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் இருள் குறையும். பிளாஷ் ஒளியைத் தொடவே தொடாதீர்கள்; எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் அதில் பளபளத்துக் கெடும். சட்டியின் மேலே எடுக்க நேர்ந்தால் தீயைக் குறைத்து ஆவி அடங்கட்டும், லென்சைத் துணியால் துடையுங்கள்.

நெய்ச்சோறு படத்தில் சாம்பல் பூத்ததுபோல் வருகிறதென்று குறைப்படுவோர் உண்டு. வெண்மை நிறைந்த காட்சியைக் கண்டால் கருவி தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரையில் சோற்றைத் தொட்டு வெளிச்சத்தைச் சிறிது கூட்டினால் போதும். சஹனில் பரப்பிய உணவை நேர் மேலிருந்தும், குவித்த சோற்றைச் சாய்வாகவும் எடுங்கள். ஆட்டிறைச்சி ஆணமெனில் தாமதிக்கக் கூடாது. ஆறினால் கொழுப்பு உறைந்து மேலே வெள்ளையாகப் படரும்.

அளவுகளை விட்டுவிட்டேனே! "ஒரு கை உப்பு" என்று நன்னி சொன்னால், அந்தக் கை உப்பைச் சட்டியில் போடுமுன் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்து, சமையல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்ட பிறகே சட்டிக்குப் போகட்டும். வீட்டு டம்ளரையும் அவ்வாறே அரிசி நிரப்பி நிறுத்துவிடுங்கள். முதலில் அவர்கள் சலித்துக்கொள்வார்கள், "இதையெல்லாமா படம் பிடிப்பது?" என்பார்கள். இரண்டாம் சட்டி ஏறும்போது தாமாகவே, "இங்கே வா, இப்போது எடு" என்று அழைப்பார்கள்.

கைப்பேசி தொலையும், பழுதாகும். ஆகவே நல்ல படங்களைக் கடையில் கொடுத்து அச்சிட்டு, குறிப்பேட்டில் அந்தந்த வரிக்கு நேரே ஒட்டிவையுங்கள். சமையலறையில் புழங்கும் ஏடு என்பதால் கண்ணாடித் தாள் உறை போட்டுவிடுவது நல்லது.