மழையில் வழுக்கும் எர்ணாவூர் சாலை... காரின் பின்னால் ஒரு கம்பி செய்யும் வேலை!

கார்த்திகை மாதத்துக் காலை. ராத்திரி முழுக்கத் தூறிய மழை சற்று ஓய்ந்திருக்கிறது. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஒரு சின்ன கார் இறங்குகிறது. முன்னால் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரி. இடது ஓரத்தில் மீன் கூடையை வைத்துக் கட்டிய ஒரு டூ வீலர். திடீரென டிரெய்லரின் பிரேக் விளக்கு சிவக்கிறது. கார் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்புகிறார்.

அடுத்த ஒரு நொடியில் இரண்டில் ஒன்று நடக்கலாம். காரின் முகம் திரும்பி, பின்பக்கமும் சமர்த்தாக அதன் பின்னால் வரலாம். அல்லது முகம் ஒரு பக்கம் போக, பின்பக்கம் தன் வழியில் சறுக்கி அந்த டூ வீலர் மீது பாயலாம்.

இதைத் தீர்மானிப்பதில் டயருக்கும் வேகத்துக்கும்தான் முதல் பங்கு. ஆனால், பெரும்பாலானோர் குனிந்துகூடப் பார்த்திராத ஓர் இரும்புக் கம்பிக்கும் அதில் பங்கு உண்டு. நம் மெக்கானிக்குகள் அதை ‘ஸ்டெபிலைசர் பார்’ என்பார்கள். ‘ஆன்டி ரோல் பார்’, ‘ஸ்வே பார்’ என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு.

துணி பிழியும் கணக்கு

வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே இருப்பவர்கள் கதவோடு ஒட்டிக்கொள்வார்கள். இதுதான் ‘பாடி ரோல்’. இந்தச் சாய்வைக் குறைக்கவே இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, ‘ப’ வடிவத்தில் வளைத்த ஒரு ஸ்டீல் கம்பியைப் பொருத்துகிறார்கள்.

அது வேலை செய்யும் விதம், ஈரத்துணி பிழிவதைப் போல. துணியின் இரு முனைகளையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் துணி சும்மா சுற்றும், பிழியாது. ஒரு கையை இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் திருப்பினால் முறுக்கிக்கொண்டு எதிர்ப்புக் காட்டும். வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறும்போது கம்பி சும்மா இருக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் அமுங்கி, மறு சக்கரம் தூக்கினால்தான் அது முறுக்கிக்கொண்டு, சாயாதே என்று பிடித்து நிறுத்துகிறது.

கம்பியின் தடிமனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திட்டமான கம்பியின் முறுக்கு வலிமை, விட்டத்தின் நான்காம் மடங்காக உயரும். 20 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் போட்டால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இறுக்கம் ஏறத்தாழ 46 சதவிகிதம் கூடிவிடும்.

நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் முன்பக்கம் இந்தக் கம்பி இருக்கும். பின்பக்கம் தனியாக இருக்காது. பின் சக்கரங்களை இணைக்கும் ‘டார்ஷன் பீம்’ என்ற முறுங்கும் உத்திரமே அந்த வேலையையும் ஓரளவு சேர்த்துப் பார்த்துவிடும். அந்த இடத்தில்தான் கூடுதலாக ஒரு கம்பியையோ, இருப்பதைவிடத் தடிமனான கம்பியையோ போட்டுக்கொள்ளும் ஆசை கார் பிரியர்களுக்கு வருகிறது.

பின்பக்கம் இறுகினால் என்ன ஆகும்?

காய்ந்த சாலையில் இந்த மாற்றம் மகிழ்ச்சியைத் தரும் என்பது உண்மை. கார் சாய்வது குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு சட்டென்று திரும்பும். ‘கோ-கார்ட் மாதிரி போகுது’ என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அந்தச் சுறுசுறுப்பு இலவசமாக வருவதில்லை. வளைவில் காரின் எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும். பின் கம்பி இறுக்கமாக இருந்தால், அந்த மாற்றத்தில் பெரும்பங்கைப் பின் சக்கரங்கள் ஏற்க வேண்டியிருக்கும். டயரின் குணம் என்னவென்றால், அதன் மேல் இரண்டு மடங்கு எடை ஏற்றினால் இரண்டு மடங்கு பிடிப்பு கிடைக்காது. அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எனவே வெளிப்பக்க டயருக்குக் கிடைத்த லாபம், உள்பக்க டயர் இழந்ததை ஈடுகட்டாது. மொத்தத்தில் பின்பக்கத்தின் பிடிப்பு குறையும். முன்பக்கத்தின் பிடிப்பு கொஞ்சம் கூடும். மூக்கு சட்டென்று திரும்புவதன் ரகசியம் இதுதான்.

கார் கம்பெனிகள் குடும்பக் கார்களை வேண்டுமென்றே வேறு மாதிரி அமைக்கின்றன. பிடிப்பு போகும் நேரம் வந்தால், முதலில் முன் சக்கரங்கள் வழுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இதற்கு ‘அண்டர் ஸ்டீயர்’ என்று பெயர். அப்போது பயத்தில் யாராக இருந்தாலும் காலை எடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். கார் மறுபடி கட்டுக்குள் வந்துவிடும்.

பின் சக்கரங்கள் முதலில் வழுக்கினால் அது ‘ஓவர் ஸ்டீயர்’. அங்கே காலைச் சட்டென்று எடுப்பதே ஆபத்து. எடை முன்னால் பாய்ந்து, ஏற்கெனவே லேசான பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். கார் சறுக்கும் திசையிலேயே ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்பி மீட்க வேண்டும். பந்தய வீரர்கள் பழகிப் பழகிக் கற்கும் வித்தை அது. ஆபீஸுக்குப் போகும் அப்பாவிடமோ, பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் அம்மாவிடமோ எதிர்பார்க்கக் கூடியது அல்ல.

பனி நாட்டில் பிறந்த பாடம்

ஸ்டெபிலைசர் கம்பிக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் கனடாவின் பிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன். ஆண்டு 1919. குளிர்காலத்தில் சாலையெல்லாம் பனி மூடும் நாடு அது.

சாலைக்கும் டயருக்கும் இடையேயான பிடிப்பை ஓர் எண்ணால் சொல்வார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது சுமார் 0.7. நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கும். இறுகிய பனியில் 0.2. கண்ணாடி போன்ற ஐஸில் 0.1 தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், பிரேக் அழுத்திய பிறகு காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும் என்றால், நனைந்த சாலையில் 35 மீட்டர் ஆகும். ஐஸில் 140 மீட்டரையும் தாண்டும்.

வழுக்கும் சாலையில் காரை வேகமாக வளைக்கவே முடியாது. வளைக்க முடியாதபோது கார் பெரிதாகச் சாயவும் செய்யாது. ஆகவே சாய்வைக் குறைக்கும் கம்பியால் கிடைக்கும் லாபம் அங்கே மிகச் சிறியது. நஷ்டமும் சிறியதுதான், ஆனால் கையிருப்பில் உள்ள பிடிப்பே கொஞ்சம் என்பதால், அந்தச் சிறிய நஷ்டமே காரைச் சுழற்றப் போதுமானதாகிவிடும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதே காரணம். பனிச்சாலைக்கு அங்கே சட்டம் கேட்பது கம்பியை அல்ல, டயரை.

பந்தயத் திடலிலும் இதே பாடம்தான். மழை வந்தால் பந்தய அணிகள் ஸ்டெபிலைசர் கம்பியைத் தளர்த்துவார்கள். சில நேரம் கழற்றியே விடுவார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த வடசென்னைக்காரர்களுக்கும், இன்று இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்களே மழையில் தளர்த்துகிறார்கள். நாம் ஏன் இறுக்க வேண்டும்?

எர்ணாவூரின் ‘பனி’

எர்ணாவூரில் மார்கழிக் குளிரிலும் 7 டிகிரியை நினைத்துப் பார்க்க முடியாது. இங்கே குளிர்காலம் என்றால் மழைக்காலம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது.

அதோடு இந்தப் பகுதிக்கென்றே சில கூடுதல் சங்கடங்கள். சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. அவை சொட்டும் டீசலும் எண்ணெயும் புழுதியோடு சேர்ந்து சாலையில் படிந்திருக்கும். முதல் மழையின் முதல் சில நிமிடங்களில் இந்தப் படலம் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும். பிறகு நன்றாகப் பெய்தால் ஓரளவு கழுவிக்கொண்டு போய்விடும்.

தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது, தடிமனான கம்பி அந்த அதிர்ச்சியைச் சும்மா இருக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் கொண்டுபோகும். இரண்டு சக்கரங்களும் தனித்தனியாகத் தரையைத் தேடிப் பிடிக்க வேண்டிய நேரத்தில், கம்பி அவற்றைக் கட்டிப்போடுகிறது.

இன்னொரு எதிரி, உப்பு. பனி நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள்; அது காரின் அடிப்பாகத்தை அரிக்கும். எர்ணாவூரில் அந்த வேலையைக் கடற்காற்று செய்கிறது. ஸ்டெபிலைசர் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்ன லிங்க் துருப்பிடிக்கும். அதைத் தாங்கும் ரப்பர் புஷ் வெடிக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக் கடக்’ என்று அடியிலிருந்து சத்தம் வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. கார் கம்பெனி கொடுத்த கம்பியே ஒழுங்காக வேலை செய்யாதபோது, கூடுதல் கம்பியைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமில்லை.

வண்டிகளின் ஊர்

வண்டிகளைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்த நிறுவனம்தான் இன்றைய அசோக் லேலண்ட். புல்லட்டுக்குப் பேர்போன என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகப் பிறந்ததுதான் எம்ஆர்எஃப்.

பலூனில் தொடங்கி டயருக்கு வந்த அந்தக் கதையில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. சாலையைத் தொடுவது டயர் மட்டும்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. கம்பி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அந்த நான்கு உள்ளங்கைகளில் இருக்கும் பிடிப்பைப் பங்கு பிரிக்கத்தான் முடியும். புதிதாக உண்டாக்க முடியாது.

மாடு குறுக்கே வந்தால்?

1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரைச் சோதித்தது. அந்நாட்டுச் சாலைகளில் பெரிய காட்டு மான்கள் திடீரென்று குறுக்கே வரும். அப்படி வந்தால் சட்டென்று ஒடித்துத் திரும்பும் சோதனை அது. கார் கவிழ்ந்தது. உலகமே பேசிய பிறகு, சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு, ‘இஎஸ்பி’ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டையும் அந்த காரில் கட்டாயமாகப் பொருத்தியது நிறுவனம்.

கார் சறுக்கத் தொடங்கினால், எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு நேராக்குவதுதான் இஎஸ்பி. நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில், 3 ஸ்டாரோ அதற்கு மேலோ வாங்க இது அவசியம். எர்ணாவூரில் குறுக்கே வருவது மான் அல்ல. மாடும் டூ வீலரும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும். கார் வாங்கப் போகிறவர்கள் சன் ரூஃப் இருக்கிறதா என்று கேட்கும் முன், இஎஸ்பி இருக்கிறதா என்று கேட்கலாம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

* டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடு போல ஓர் அடையாளம் இருக்கும். ரப்பர் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால், ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதுவரை காத்திருக்காமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது மழைக்கு நல்லது.

* இரண்டு டயர்தான் மாற்றப் போகிறீர்களா? புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரத்தால் ஓடும் காருக்கும் இதுதான் விதி. பின்பக்கம் வழுக்கினால் மீட்பது கடினம் என்பதே காரணம்.

* ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள்.

* சர்வீஸில் லிங்க், புஷ், ஷாக் அப்ஸார்பர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் கார்களுக்கு அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவுவதும் முக்கியம்.

* பின் கம்பியைத் தடிமனாக்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் வாகனத்தின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் கட்டுப்பாடுகள் உண்டு.

* முதல் தூறலில் வேகத்தைக் குறையுங்கள். 60-லிருந்து 40-க்கு இறங்கினால், நனைந்த சாலையில் நிற்கும் தூரம் 35 மீட்டரிலிருந்து 16 மீட்டராகச் சுருங்கிவிடும்.

அந்த 19 மீட்டர்தான் வித்தியாசம். முன்னால் நிற்கும் டிரெய்லருக்கும் காருக்கும் நடுவே அவ்வளவு இடம் மிஞ்சினால், ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டிய அவசியமே வராது. மீன் கூடையோடு போகிறவரும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.