வைக்கோற்போரும் வாயில்லா உயிரும்

கோடை விடுமுறை என்றதும் உங்களுக்கு மாங்காயும் விளையாட்டும் நினைவுக்கு வரும். உழவர் வீட்டுக்கோ அது மாட்டுக்கு வேண்டிய தீவனத்தைச் சேர்த்து வைக்கும் காலம். ஐரோப்பிய நாடுகளில் கோடையிலே புல்லை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பர். அங்கே பனி நிலத்தை மூடும். இங்கே வெயில் புல்லைக் கருக்கும். காரணம் வேறாயினும் கவலை ஒன்றே. அங்கு உலர்புல்லுக்கு உள்ள இடம் இங்கு வைக்கோலுக்கு உண்டு.

புதுவை வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் நெல் விளைகிறது. நவரை நெல் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். நெல்லை அடித்துப் பிரித்தபின் எஞ்சும் தாளே வைக்கோல். அதை நன்கு காயவைத்துப் போர் போடவேண்டும். "காயவைத்து" என்ற சொல்லை மறவாதீர்கள். அதை மறந்ததன் பலனை நான் பன்னிரண்டாம் வயதில் கண்டேன்.

அவ்வாண்டு கோடைமழை மேகம் திரண்டது. என் தந்தையார் அஞ்சி, பாதி ஈரத்திலேயே வைக்கோலைப் போராக அடுக்கிவிட்டார். நான்காம் நாள் விடியலில் போரின் உச்சியிலிருந்து ஆவி எழுந்தது. உள்ளே கையை நுழைத்தேன், சுட்டது. அன்றே போரைப் பிரித்துப் பரப்பினோம். ஏறக்குறையப் பாதி கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. தீவனம் போதாமையால் அவ்வாண்டே எங்கள் இரு பசுக்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது.

வைக்கோல் ஏன் சூடாயிற்று? ஈரம் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகித் தாளிலுள்ள சத்தை உண்ணும். அப்பொழுது வெப்பம் பிறக்கும். போர் தடித்திருப்பதால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. மேல்நாடுகளில் ஈரப்புல் இவ்வாறு சூடேறித் தானே தீப்பற்றிக் களஞ்சியங்கள் எரிந்ததுண்டு. ஆகவே 100-க்கு 15 பங்குக்குமேல் ஈரம் இருத்தலாகாது. ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். சலசலத்து ஒடிந்தால் காய்ந்தது, துவண்டால் இன்னும் வெயில் வேண்டும்.

போர் போடுவதும் ஒரு கலையே. மேட்டு நிலத்தில் கல்லோ கட்டையோ பரப்பி அடித்தளம் அமைப்பர். மண்ணின் ஈரமும் கறையானும் ஏறாமைக்கு இது காப்பு. அடுக்குந்தோறும் நடுவை மிதித்து இறுக்கி, ஓரத்தைவிட நடுவை உயர்த்தி வருவர். உச்சியைக் கூம்பாக முடித்து வைக்கோற்புரியால் கட்டுவர். மழைநீர் கூரையில் வழிவதுபோல் வழிந்துவிடும். எடுக்கும்போது உச்சியைக் கலைக்காமல் ஒரு பக்கத்திலிருந்தே பிடுங்கவேண்டும்.

இனி, வைக்கோல் மட்டும் மாட்டுக்குப் போதுமா? போதாது. அதில் புரதம் 100-க்கு சுமார் 4 பங்குதான், மணற்சத்து மிகுதி. மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கின்றன. அவற்றுக்குத் தழைச்சத்து தேவை. இதனால் 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைக்கும் முறை வந்தது. யூரியாவிலிருந்து எழும் அம்மோனியா நாரை இளக்குகிறது. நுண்ணுயிர்க்கு உணவும் ஆகிறது. இவ்வைக்கோலைக் காற்றாட விட்டபின் தரவேண்டும்; ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குத் தரலாகாது. யூரியாவை நேரே தின்றாலும், கரைத்த நீரைக் குடித்தாலும் மாடு இறந்துபோகும். எனவே கால்நடை மருத்துவரைக் கேட்டே இதில் இறங்குக. குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை நாடுதலும் நன்று.

கோடையில் மற்றொன்றும் அறிக. செரிமானமே மாட்டின் உடலில் வெப்பத்தை உண்டாக்கும். ஆதலால் உச்சிவேளையில் வைக்கோல் இடாமல் விடியலிலும் அந்தியிலும் இடுவர். நிழலும், எந்நேரமும் தொட்டி நிறையத் தண்ணீரும் இன்றியமையாதன. நீர் குறைந்தால் பாலும் குறையும்.

இன்று கதிர்காமத்தில் வீடுகளும் கடைகளும் அரசு மருத்துவக் கல்லூரியும் நிறைந்துள்ளன. நகரில் மாடு வைத்திருப்போர் பாகூர்ப் பக்கத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வைக்கோலை விலைக்கு வாங்குகின்றனர். அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் தாள் துண்டுபட்டுக் கிடக்கிறது. அதைச் சுருட்டிக் கட்ட வேறோர் இயந்திரம் வருகிறது. கருவி மாறினும் விதி மாறவில்லை. ஈரத்தோடு கட்டிய உருளையும் உள்ளே பூஞ்சை பிடிக்கவே செய்யும்.

பசி என்று சொல்ல மாட்டுக்கு வாயில்லை. அதன் பசியை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவனே நல்ல உழவன். இவ்விடுமுறையில் ஒரு வைக்கோற்போரைக் கண்டால் அருகே சென்று, அடியிலிருந்து உச்சிவரை அதன் அமைப்பை உற்று நோக்குங்கள்.