முட்டிக்கிட்டா என்ன ஆகும்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெடியாகிட்டு இருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? இந்தப் புதிருக்கு ஒரு நிமிஷம் ஒதுக்குங்க!

ஒரு மீட்டர் நீளக் குச்சி. அதன் மேல் 25 எறும்புகள். சில இடப்பக்கமும், சில வலப்பக்கமும் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், விநாடிக்கு 1 சென்டிமீட்டர். ஒன்றை ஒன்று தாண்ட இடமில்லை. எதிரெதிரே முட்டிக்கொண்டால் இரண்டும் சட்டென்று திரும்பி, வந்த வழியே நடக்கும். முனைக்கு வந்தால்... தொபுக்! குச்சி காலியாக அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும்?

ஒவ்வொரு மோதலா கணக்குப் போட்டா விடிஞ்சிடும். ஆனா, விடை ஈஸி. 100 விநாடி!

எப்படி? எல்லா எறும்பும் ஒரே மாதிரிதானே? முட்டித் திரும்புவதும், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நேராகப் போவதும் பார்க்க ஒண்ணுதான். எது எந்த எறும்புன்னு கேட்பதை விட்டுடுங்க. மோதலே இல்லாத மாதிரி ஆகிடும். ஒரு மீட்டரைக் கடக்க 100 விநாடி. அவ்வளவுதான் மேட்டர்!

இயற்பியலிலும் இதே கதை

இரண்டு கோலிக்குண்டுகளை நேருக்கு நேர் மோதவிடுங்க. வந்தது நின்றுவிடும், நின்றது ஓடும். சம எடை என்பதால் வேகத்தைப் பண்டமாற்று செய்துகொள்கின்றன. ஒரே கோட்டில் இப்படி ஆயிரம் குண்டுகள் இருந்தாலும், சக்தி வீணாகாத வரை புது வேகம் எதுவும் பிறக்காது. பழைய வேகங்களே கைமாறிக்கொண்டிருக்கும்.

1965-ல் ஜெப்சன் என்ற விஞ்ஞானி இந்தத் தந்திரத்தை வைத்து, கூட்டத்தில் ஒரே ஒரு குண்டைப் பின்தொடர்ந்தார். தாறுமாறாகத் தொடங்கிய கூட்டத்தில், வேகங்கள் நேர்கோட்டில் பறக்கின்றன. குண்டோ இருபக்கமும் இடிபட்டு, தள்ளாடித் தள்ளாடித்தான் நகர்கிறது!

நம் அறைக்காற்றில் இப்படி இல்லை. அங்கே மோத மோத மூலக்கூறுகள் சக்தியைப் பங்குபோட்டு, ஆரம்ப நிலையைச் சுத்தமாக மறந்துவிடும். ஒற்றைக் கோட்டில் மாட்டியவை மறப்பதில்லை. 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கினோஷிட்டா, வெங்கர், வைஸ் மூவரும் இதை நிஜ அணுக்களிலேயே பார்த்தார்கள். லேசர் ஒளியால் ஆன மெல்லிய குழாய்களுக்குள் கடுங்குளிரில் ரூபிடியம் அணுக்களை ஊசலாடவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மோதலுக்குப் பிறகும் அவை சமநிலைக்கு வரவே இல்லை!

எடை மாறினா?

அங்கேதான் ட்விஸ்ட். எடை வேறுபட்டால் பண்டமாற்று நடக்காது, புதுப்புது வேகங்கள் பிறக்கும். ஒரு சுவர், பக்கத்தில் சும்மா நிற்கும் சின்னக் கட்டை, அதை நோக்கி வழுக்கி வரும் பெரிய கட்டை. உராய்வும் இல்லை, சக்தி இழப்பும் இல்லை. சுவரில் படுவதையும் சேர்த்து மோதல்களை எண்ணுங்க. இரண்டும் சம எடை என்றால் 3. பெரியது 100 மடங்கு என்றால் 31. 10,000 மடங்கு என்றால் 314. பத்து லட்சம் மடங்கு என்றால் 3141. ஆமாம், நம்ம 'பை'யேதான்! கால்பெரின் என்ற கணித அறிஞர் 2003-ல் வெளியிட்ட முடிவு இது.

இன்டர்வியூவில் பயமுறுத்துற கணக்கு வந்தா உடனே பேனாவைத் தூக்காதீங்க. 'இதுல மாறாம இருக்கிறது எது?'ன்னு முதல்ல தேடுங்க. பாதிக் கணக்கு அங்கேயே முடிஞ்சிருக்கும்!