சாயம் கவரும் சக்கை

கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை மட்குடத்தின் உட்புறத்தே தேய்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. கலித்தொகையிலேயே இச்செய்தி உவமையாக வந்துள்ளது. ஆங்கு அம்மரத்தின் பெயர் ‘இல்லம்’ என்பதாகும். கொட்டையின் சத்து நீரிலுள்ள மண்துகள்களைத் திரட்டி அடியிற் படியச் செய்யும்.

சாயத்தாற் கெட்ட நீர்க்கு இம்முறை போதாது. மண் நீரில் மிதப்பது. சாயமோ நீரிற் கரைந்து நிற்பது. எத்துணை நாள் வைத்திருப்பினும் அது தானே படியாது.

முன்னோர் அவுரி, சாயவேர் முதலியவற்றால் ஆடைக்கு நிறமூட்டினர். 1856ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினரான வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர் செயற்கை ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் அவ்வகைச் சாயங்கள் பல்கின. வெயிலுக்கும் சவர்க்காரத்திற்கும் எளிதில் வெளுக்காமை அவற்றின் சிறப்பு. ஆற்றிற் கலந்தபின் அச்சிறப்பே கேடாகின்றது. அவை விரைவிற் சிதைவதில்லை; கதிரவன் ஒளியை மறைத்து நீர்ப்பாசிகளை நலிவிக்கின்றன. சில சாயங்கள் சிதையுங்கால் புற்றுநோய் விளைக்கும் பொருள்களாகவும் மாறுகின்றன.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றித் திருப்பூர் வழியே சென்று காவிரியொடு கலப்பது நொய்யலாறு. அதன் குறுக்கே பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பெற்றது. உழவர் மகிழ்ந்தனர். ஆயின் சில ஆண்டுகளுள் அது சாயக்கழிவு நீரின் தேக்கமாயிற்று. பயிருக்கென்று கட்டிய அணையின் நீரைத் திறந்துவிட வேண்டா என்று உழவரே கூறும் நிலை வந்தது! கழிவை முற்றும் நிறுத்தும் வரையில் சாயச்சாலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இத்தகைய நீரினின்று சாயத்தைப் பிரிக்க வழிகள் பலவுள. அவற்றுள் ஒன்று, நாம் குப்பையில் எறியும் சக்கையைப் பயன்படுத்துவது. கோவையிலுள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தார் தென்னைநார்க் கழிவு, வாழைத்தண்டுச் சக்கை, ஆரஞ்சுப்பழத் தோல் ஆகியவற்றைக் கொண்டு இதனை ஆய்ந்துள்ளனர்.

சக்கை சாயத்தை எங்ஙனம் பற்றுகின்றது? பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. ஒரு பொருளின் மேற்பரப்பில் மற்றொன்று வந்து ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்பர். தாவர நாரின் பரப்பு நீரிற் பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையது; மெதிலீன் நீலம் நேர்மின் தன்மை உடையது. ஆதலின் ஒன்றையொன்று ஈர்க்கும். காங்கோ சிவப்போ எதிர்மின் சாயம். அதனைக் கவர நீரிற் சிறிது அமிலத்தன்மை கூட்டுதல் உதவும். சாயமறிந்து சக்கையைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். சக்கையைக் கரியாக்கி, நீராவியிற் சூடேற்றினால் அதில் நுண்துளைகள் பெருகும். அவ்வாறு ஆக்கிய தேங்காய்ச் சிரட்டைக் கரி ஒரு கிராமின் பரப்பு, உள்துளைகளையும் கூட்டி, ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு விளையாட்டுத் திடலே அடங்கியுள்ளது எனலாம்.

தென்னைநார்த் தூளை நீரிலிட்டவுடன் நீர் பழுப்பாவது கண்டு மாணவர் ஏமாறுதல் கூடாது. அது தூளின் சொந்த நிறமே. பலமுறை கழுவி உலர்த்திய பின்னரே தூள் ஆய்வுக்கு ஏற்றதாகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. சாயமேற்றுங்கால் உப்பும் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. சக்கை அவ்வுப்பை நீக்காது. நிறம் போன நீர் பளிங்குபோல் தோன்றினும், அதனைப் பாய்ச்சிய வயல் உவர்நிலமாகிவிடும். நொய்யற்கரை உழவரைப் பெரிதும் வாட்டியது கண்ணுக்குத் தெரியாத அவ்வுப்பேயாம். அதனைப் பிரிக்க நுண்சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்தும் பொறிகள் வேண்டும்.

மேலும், கவரப்பட்ட சாயம் அழிந்துவிடுவதில்லை, சக்கையிலேயே தங்கியுள்ளது. அச்சக்கையை ஆற்றங்கரையிற் கொட்டினால், மழைநீர் பட்டுச் சாயத்தின் ஒரு பகுதி மீண்டும் ஆற்றை அடையக்கூடும். ஆதலின் அதனை நீர் கசியாத காப்பிடத்திற் சேர்த்தலோ, அதற்கென அமைந்த உலையில் எரித்தலோ செய்கின்றனர்.