காலை இட்லி, இரவு ஒன்பது மணி
வயிற்றோடு பேசுவோம் – 12

பெரியம்மாவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. மூன்று மாதமாக இரண்டாவது இட்லி இறங்கவில்லை. "நெஞ்சுக்குழியில கல்லு மாதிரி நிக்குதுடா" என்பார். கேஸ்தான் என்றோம். ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா எல்லாம் கொடுத்தோம்.

ஓர் இரவு ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தார். வாளியைக் கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தக்காளித் தோல், கறிவேப்பிலை, உதிரி உதிரியாக இட்லி. தோலும் இலையும் எளிதில் செரிக்காதவைதான், இட்லி அப்படியல்ல. அன்று இட்லி சாப்பிட்டது காலை எட்டு மணிக்கு!

நல்ல இரைப்பையின் கீழ்ப்பாதி நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி, உணவை ஓரிரு மில்லிமீட்டர் துணுக்காக அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ளும். அந்தச் சுருக்கத்துக்கு வேகஸ் நரம்பும் இரைப்பைச் சுவரிலுள்ள காஹால் செல்களும் வேண்டும். நாள்பட்ட சர்க்கரை இரண்டையும் கெடுக்கும். வழியில் அடைப்பு எதுவும் இருக்காது, ஆனாலும் உணவு நகராது. இதற்குப் பெயர் கேஸ்ட்ரோபரேசிஸ். சிலருக்கு வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு.

நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவது, சாப்பிட்டு வெகுநேரம் ஆகியும் குமட்டல், மேல்வயிற்றில் உப்புசமும் வலியும், பல மணி நேரத்துக்கு முன் தின்றது அப்படியே வெளியே வருவது. இவை சேர்ந்து வந்தால் கேஸ் என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னோர் அடையாளம் உண்டு, நாங்கள் கோட்டை விட்டது அதைத்தான். ஊசி போட்டுச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பெரியம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். "சாப்பிட்ட பிறகு எப்படிச் சர்க்கரை குறையும்?" என்று குழம்பினோம். இன்சுலின் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிட்டது, சோறோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கிறது. அது பிந்தி இறங்கும்போது இன்சுலின் வேகம் ஓய்ந்திருக்கும், சர்க்கரை ஏறிவிடும். நாங்கள் ஊசியின் அளவையே சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தோம்.

இதே தொல்லை புண்ணாலும் வரலாம், புற்றுநோய் அடைப்பாலும் வரலாம். அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி. அடைப்பில்லை என்று தெரிந்தபின், கதிரியக்கப் பொருள் சிறிதளவு கலந்த உணவைக் கொடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். நாலு மணி நேரம் கழித்தும் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம் உறுதி. ஏறிய சர்க்கரையே இரைப்பையை மந்தமாக்கும் என்பதால் அன்று அது கட்டுக்குள் இருக்க வேண்டும். ஓபியாய்டு வலி மாத்திரை, எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசி போன்றவையும் இரைப்பையை மெதுவாக்கும். அவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ரத்த வாந்தி என்றாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது பெரியம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் அரைக் கிண்ணம். நெய் கிடையாது. நார் நிறைந்தது இரைப்பையில் தேங்கும் என்பதால் முருங்கைக்கீரையும் கிடையாது. "இத்தன வருஷமா கீரை தின்னு தின்னுன்னுதானடா சொன்னீங்க?" என்று கேட்டார். அதற்கான பதில் அடுத்த வாரம்.

(தொடரும்)